குப்பையிலிருந்து மின்சாரம்: யாருக்கு வெளிச்சம்?

மலையகத்துக்கு மின்சாரம் எப்பொழுது வந்தது? இக்கேள்விக்கு இரண்டு விடைகள் உள்ளன. தேயிலைத் தொழிற்சாலைக்கு அது வந்த காலம் ஒன்று. தொழிலாளி குடியிருக்கும் லயத்துக்கு அது வந்த காலம் மற்றொன்று. இவ்விரு காலங்களுக்கும் இடையே மூன்று தலைமுறைகள் இருளில் பிறந்து, இருளில் பிரட்டுக்கு எழுந்து, குப்பி விளக்கின் புகையில் எழுத்துக் கூட்டிப் படித்து, மறைந்து போயின. நம் வரலாற்று நூல்கள் முதலாவது விடையை மட்டுமே தருகின்றன. இரண்டாவது விடையைத் தேடும் பொறுப்பு நம்மைச் சார்ந்தது.

இக்கேள்வியை இன்று எழுப்புவதற்குக் காரணம் உண்டு. குப்பையையும் உணவுக் கழிவையும் மின்சாரமாக மாற்றும் சிறிய யந்திரங்களைப் பற்றி உலகின் பல பாகங்களிலும் பேசப்படுகின்றது. வண்டியில் ஏற்றி எவ்விடத்துக்கும் கொண்டு செல்லத்தக்க மின்பிறப்பாக்கி; அதற்கு எரிபொருளாக நாம் வீசியெறியும் கழிவு. நுவரெலியா, ஹட்டன், பொகவந்தலாவைப் பகுதிகளின் மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கும் லயங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சாதனம் வேறில்லை என்றே முதற் பார்வையில் தோன்றும். ஆனால், மலையகம் இதற்கு முன்னும் பல யந்திரங்களைக் கண்டதுண்டு. ஒவ்வொன்றும் வந்தபொழுது யாருக்காக வந்தது, யாரைக் கடந்து சென்றது என்பதை அறியாமல் புதிய யந்திரத்தை வரவேற்பது பேதைமையாகும்.

கோப்பிப் பயிரை 1869ஆம் ஆண்டு தொடங்கிய இலைநோய் அழித்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்கும் தேயிலைக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பறித்த கொழுந்தை அன்றன்றே வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தியாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு பெருந்தோட்டத்துக்கும் ஒரு தொழிற்சாலை தேவைப்பட்டது. தொழிற்சாலைக்கு ஓயாத யந்திர சக்தி தேவைப்பட்டது. அச்சக்தியைத் துரைமார் மலையிலேயே கண்டனர். ஓடைகளை மறித்து நீர்ச்சக்கரங்களையும் பின்னர் சுழலிகளையும் பொருத்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தோட்டங்களில் நிறுவப்பட்ட சிறு நீர்மின் நிலையங்களின் தொகை ஏறத்தாழ ஐந்நூறு எனக் கணக்கிடப்பட்டுள்ளது. நீர் போதாத இடங்களில் கரியிலிருந்தும் விறகிலிருந்தும் வாயுவைப் பிரித்து அவ்வாயுவினால் ஓடும் எஞ்சின்களும், அவற்றின் பின் எண்ணெய் எஞ்சின்களும் வந்தன. கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தானைத் தேயிலை நூதனசாலைக்குச் செல்பவர்கள் அப்பழைய யந்திரங்களை இன்றும் காணலாம்.

திடப்பொருளை வாயுவாக்கி எஞ்சினை ஓட்டும் வித்தை மலையகத்துக்குப் புதியதன்று என்பது இதனால் விளங்கும். நம் பாட்டன்மாரின் காலத்திலேயே அது தோட்டத்துக்குள் வந்துவிட்டது. தொழிற்சாலையில் அது உருட்டு யந்திரத்தைச் சுழற்றியது. உலர்த்தும் யந்திரத்துக்குக் காற்றூதியது. துரை பங்களாவில் விளக்கேற்றியது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த லயத்துக்கு மட்டும் ஒரு கம்பி செல்லவில்லை. கம்பி இழுக்கப் பணமில்லாமற் போயிற்று என்று எவரும் சொல்ல முடியாது. லயத்திலுள்ளவர்களின் இரவுப் பொழுதினால் தோட்டத்துக்கு இலாபம் எதுவும் இல்லை என்பதே காரணமாகும்.

பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் ஓர் ஆய்வுரையை வைத்தார். மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா ஆகியவற்றின் நீரைக் கொண்டு நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்கலாம் என்று அவர் காட்டினார். ஏகாதிபத்திய ஆட்சி அத்திட்டத்தைப் பல ஆண்டுகள் இழுத்தடித்தது. சுதந்திரத்துக்குப் பின்னர், 1950இல்தான் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. உள்நாட்டு அறிவு அந்நிய ஆட்சியின் அலட்சியத்தை வென்ற நிகழ்ச்சி அது. அதற்காக விமலசுரேந்திரவை நாம் போற்றுகிறோம். எனினும், 1960களில் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் எழுந்தபொழுது தேயிலை மலைகளும் பழைய மஸ்கெலியா நகரும் நீருக்குள் சென்றன. நீர்மட்டம் தாழும் காலங்களில் அந்நகரின் கோயிற் சுவர்கள் இன்றும் வெளியே தலை காட்டுகின்றன. 1985இல் கொத்மலை வந்தது. 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் வந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. மலையகத்தின் நீர் கொழும்பின் விளக்குகளாயிற்று. மலையகத்தின் நிலம் நீர்த்தேக்கமாயிற்று. அந்த நீர்த்தேக்கங்களைத் தினமும் பார்த்துக்கொண்டே கொழுந்து பறித்த பெண், மாலையில் மண்ணெண்ணெய்க்காகக் கடையில் வரிசையில் நின்றாள்.

லயங்களுக்கு மின்சாரம் பரவலாக வந்தது பெரும்பாலும் 1990களிலும் அதன் பின்னருமேயாகும். அப்பொழுதும் ஒரு முடிச்சு இருந்தது. காம்பராவும் அது நிற்கும் நிலமும் தொழிலாளிக்குச் சொந்தமானவையல்ல. ஆகவே மின் இணைப்பு வேண்டுமானால் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் தேவைப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தொழிலாளியை நாடற்றவனாக்கியது. 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை அந்தக் காயம் முழுவதும் ஆறவில்லை. நாட்டில் உரிமை இல்லாதவன் வீட்டில் உரிமை பெறவில்லை. வீட்டில் உரிமை இல்லாதவன் விளக்குக்கும் விண்ணப்பம் எழுத வேண்டியவனானான்.

லயங்களில் இன்று பெரும்பாலும் மின்சாரம் உண்டு. ஆயினும் அது எவ்வளவு நிலையற்றது என்பதை 2022ஆம் ஆண்டு நமக்குக் கற்பித்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. டீசலும் மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. பின்னர், ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு அது விளக்கை அணைக்கச் சொல்லும் உத்தரவேயன்றி வேறென்ன? இந்நிலையில், தன் கையிலுள்ள கழிவிலிருந்து தானே மின்சாரம் உண்டாக்கலாம் என்ற எண்ணம் வெறும் விஞ்ஞான விளையாட்டாக இருக்க முடியாது.

அவ்வெண்ணத்தின் வரலாறு நீண்டது. சதுப்பு நிலத்திலிருந்து எழும் வாயு எரியும் என்பதை 1776இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா ஆராய்ந்தார். 1895இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில், கழிவுநீர்த் தொட்டியின் வாயு தெரு விளக்குகளை எரித்தது. அந்நூற்றாண்டின் முடிவில் பம்பாய் மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில், மனிதக் கழிவின் வாயு விளக்குக்குப் பயன்பட்டது. சில ஆண்டுகளில் அதே வாயு ஓர் எஞ்சினையும் ஓட்டிற்று. சமூகம் தீண்ட மறுத்த மனிதர்களின் இல்லத்திலிருந்து, சமூகம் தீண்ட மறுக்கும் பொருளின் மூலம் இந்தியாவின் கழிவு எரிவாயு வரலாறு தொடங்கியதை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 1951இல் ஜஷ்பாய் பட்டேல் மிதக்கும் கலமுடைய சாண எரிவாயுத் தொட்டியை வடிவமைத்தார். 1960களில் கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு அதனை இந்தியக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றது.

இலங்கையிலும் முயற்சிகள் நடந்தன. 1970களில் அம்பாந்தோட்டை மாவட்டத்துப் பட்டியபொலையில், ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தின் துணையோடு சூரியன், காற்று, சாண எரிவாயு ஆகிய மூன்றையும் இணைத்த கிராமிய சக்தி நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. 1974இல் தோன்றிய தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம், வைக்கோலை உலர்ந்த நிலையிலேயே தொட்டியில் அடைத்து வாயு பெறும் முறையை உருவாக்கிற்று. இவை நாட்டின் சொந்த அறிவுக்குச் சான்றுகள். ஆனால் நெல் வயலும் வைக்கோலும் உள்ள சமவெளியை நோக்கியே அவை எழுந்தன. குளிர்ந்த மலையில் லயத்தில் வாழ்பவனை மனத்திற் கொண்டு எழவில்லை.

எங்கும் கொண்டு செல்லத்தக்க குப்பை மின்பிறப்பாக்கி எங்கிருந்து வந்தது? 2008இல் அமெரிக்க இராணுவம் அத்தகைய இரு யந்திரங்களை ஈராக்குக்கு எடுத்துச் சென்று, பக்தாதிலிருந்த தன் முகாமில் பரீட்சித்தது. பெர்டியூ பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் அதன் ஆக்கத்திற் பங்கு கொண்டனர். உணவுக் கழிவை நொதிக்கச் செய்து எதனோல் எடுப்பது, காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் உருண்டைகளாக்கிச் சூடேற்றி வாயு எடுப்பது, இரண்டையும் சேர்த்து ஒரு டீசல் மின்பிறப்பாக்கிக்கு ஊட்டுவது என்பதே அதன் முறை. எரிபொருள் ஏற்றிச் செல்லும் வண்டித் தொடர்கள் தாக்கப்பட்டதால், அந்த எரிபொருளைக் குறைப்பதற்காக அது பிறந்தது. ஆக்கிரமிப்பின் தேவை ஒரு யந்திரத்தைப் பிறப்பித்தது என்பதற்காக அதன் விஞ்ஞானத்தை நாம் வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் பெருஞ்செலவில், நிபுணர் சூழ, படை முகாமின் கழிவுக் குவியலுக்காகச் செய்யப்பட்டதை அப்படியே லயத்து வாசலில் நிறுத்த முடியாது. மலையகத்துக்கு ஏற்றது மிக எளிய வடிவமே: காற்றுப் புகாத தொட்டி, அதிலிருந்து வரும் வாயு, அவ்வாயுவில் ஓடும் சிறிய எஞ்சின்.

அதன் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். நம் ஆசிரியர்கள் வகுப்பில் மாணவரைக் கொண்டே இதைச் செய்யலாம். ஒரு கிலோ உணவுக் கழிவிலிருந்து சுமார் ஒரு கன மீட்டரின் பத்திலொரு பங்கு வாயு கிடைக்கும். அதில் ஏறத்தாழ 60 வீதம் மெத்தேன். ஒரு கன மீட்டர் வாயு, நன்றாகப் பராமரிக்கப்படும் சிறிய எஞ்சினில் சுமார் ஒன்றரை அலகு மின்சாரம் தரும். இருபது காம்பராக்கள் கொண்ட ஒரு லயத்தில், குடும்பத்துக்கு அரைக் கிலோவாகப் பத்துக் கிலோ கழிவு சேருமானால் ஒன்றரை அலகு கிடைக்கும். ஒவ்வொரு காம்பராவிலும் இரண்டு 9 வாட் எல்.ஈ.டி. விளக்குகளை நான்கு மணி நேரம் எரிக்க அது போதுமானது. ஒரு பிள்ளை படிப்பதற்கும் ஒரு தாய் சமைப்பதற்கும் வேண்டிய வெளிச்சம் அதில் உண்டு.

ஆனால் கணக்கு இங்கே முடியவில்லை. லயத்துக் குடும்பத்தில் நாளொன்றுக்கு அரைக் கிலோ உணவு கழிவாகின்றதா? மீந்த சோறு மறுநாள் காலைக்கு. மரக்கறித் தோல் மாட்டுக்கும் கோழிக்கும். வறுமை எதையும் வீசுவதில்லை. கழிவு நிறைந்திருக்கும் இடம் வேறு: நுவரெலியாவின் ஹோட்டற் சமையலறைகள், ஏப்ரல் வசந்த காலக் கேளிக்கைகள், கரட்டும் லீக்ஸும் கோவாவும் மலையாகக் குவியும் மரக்கறிச் சந்தைகள், ஹட்டன் நகரின் கடைகள். ஒரு ஹோட்டலின் நூறு கிலோ கழிவு ஒரு லயத்தின் தேவையைப் போலப் பத்து மடங்கைத் தரவல்லது. உண்டவன் எறிந்ததே உழைத்தவனின் விளக்குக்கு எரிபொருள் என்ற கசப்பான உண்மையை இக்கணக்கு நம் முன் வைக்கின்றது. லயத்தில் மாடு வளர்ப்போர் உள்ள இடங்களில் சாணமும் துணை செய்யும். இருபத்தைந்து கிலோ சாணம் ஏறத்தாழ ஒரு கன மீட்டர் வாயு தரும்.

குளிரும் ஒரு தடையாகும். வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் 35 பாகை செல்சியஸ் அளவான வெப்பத்தை விரும்புபவை. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பமோ சுமார் 16 பாகைதான். அங்கே தொட்டி சோம்பிவிடும். தொட்டியை நிலத்தினுட் புதைத்து, சுற்றிலும் வைக்கோலோ மரத்தூளோ நிரப்பிக் காக்க வேண்டும். எஞ்சினின் வெப்பத்தில் முக்காற் பங்கு வீணே போகின்றது. அதைக் குளிர்விக்கும் சுடுநீரைத் தொட்டியைச் சுற்றி ஓடவிடலாம். தொழிற்சாலையின் உலர்த்தும் யந்திரத்திலிருந்து வெளியேறும் வெப்பமும் அருகிலேயே இருக்கின்றது. நூறாண்டுகளாகத் தொழிற்சாலை லயத்துக்குக் கொடுக்காத சூட்டில் ஒரு சிறு பங்கை இப்பொழுதாவது கேட்பது நியாயமன்றோ? வாயுவிலுள்ள கந்தகக் கலப்பு எஞ்சினை அரிக்காதிருக்க இரும்புத் துருவல் நிறைந்த குழாயினூடாக அதைச் செலுத்துதல் வேண்டும். மூடிய அறையில் வாயு கசிந்தால் தீயும் உயிர்ச்சேதமும் நேரலாம் என்பதையும் மறத்தலாகாது. பழைய மின்கம்பிகளால் லயங்களே தீப்பற்றிய செய்திகளை நாம் அறிவோம். புதிய ஆபத்தை அங்கே கொண்டு செல்ல நமக்கு உரிமை இல்லை.

யந்திரம் இயலும், அது நீடித்து இயங்குவது எதனால்? கர்நாடகத்தின் பூரா என்னும் சிற்றூர் இதற்கு விடை தருகின்றது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் அறிஞர் அமூல்ய ரெட்டியும் அவருடைய குழுவினரும் அங்கே முதலிற் சமையலுக்குச் சாண எரிவாயு வழங்க முயன்றனர். வாயு போதவில்லை, திட்டம் தோற்றது. ஆய்வாளர் ஊராரிடமே சென்று, உங்களுக்கு வேண்டியது என்ன என்று கேட்டனர். குடிநீரும் விளக்கும் என்றனர் ஊரார். 1987 முதல், சுமார் 5 கிலோவாட் அளவுடைய ஒரு சிறிய எஞ்சின் அந்த வாயுவில் ஓடி, ஆழ்கிணற்று நீரை இறைத்தது. வீடுகளுக்கு வெளிச்சம் தந்தது. சாணம் கொண்டு வந்த பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் எடைக்கு ஏற்பக் கூலி கொடுக்கப்பட்டது. வாயு நீங்கிய சேறு, கொடுத்த அளவுக்கேற்ப எருவாகத் திருப்பித் தரப்பட்டது. ஊர் இளைஞர் இருவர் யந்திரத்தை நடத்தினர். ஆண்டுகள் பல அது ஓடிற்று. சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையிலும் 2005ஆம் ஆண்டளவில் நாளொன்றுக்கு 30 தொன் மரக்கறிக் கழிவை ஏற்கும் பெரிய நிலையம் கட்டப்பட்டது. அதன் வரலாறு தடையற்ற ஓட்டத்தின் வரலாறாக அமையவில்லை. பெருஞ்சந்தையின் பெரிய யந்திரம் தடுமாறிய வேலையைச் சிற்றூரின் சிறிய எஞ்சின் செய்தது. கழிவைக் கொடுத்தவனுக்கே பலன் திரும்பியதுதான் அதன் இரகசியம்.

இங்கேதான் நாம் மிகக் கவனமாக இருத்தல் வேண்டும். குப்பையைப் பிரிப்பது யார்? சுமப்பது யார்? நம் நகரங்களின் துப்புரவுப் பணிக்கென்றே வெள்ளையர் தென்னிந்தியாவிலிருந்து தாழ்த்தப்பட்ட மக்களைக் கொண்டு வந்தனர். கண்டி மஹியாவையில் அவர்களுடைய வழிவந்தோர் இன்றும் வாழ்கின்றனர். அத்தொழிலின் இழிவை மற்றவர்கள் அவர்கள்மீது சுமத்தினர். தோட்டத்திலும் லயத்து வாசலைக் கூட்டும் வேலை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதை மலையகத்தார் அறிவர். புதிய யந்திரம் வந்தபின், ஹோட்டலின் எச்சிலை அதே கைகள் சுமந்து, அதே கைகள் கிண்டி, வெளிச்சம் மட்டும் வேறிடம் செல்லுமானால், அது பழைய கங்காணி முறையின் மின்சார வடிவமே. 2017 ஏப்ரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்டனர். அம்மேட்டின் அடியில் வாழ்ந்தவர்கள் அக்குப்பையை உண்டாக்கியவர்களல்லர். அதன் பின்னர் 2021இல் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் உண்டாக்கும் நிலையம் திறக்கப்பட்டது. தலைநகரின் பிரச்சினைக்குத் தலைநகரின் அளவில் ஒரு விடை கிடைத்தது. மலைக்குரிய விடையை மலைமக்களே வகுத்தல் வேண்டும்.

அந்த விடைக்கு அடிப்படை நிலம். தொட்டி ஒன்றைப் புதைக்கச் சில சதுர மீட்டர் நிலம் போதும். அந்தச் சில மீட்டருக்கும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவைப்படுமானால், யந்திரத்தின் சாவி மீண்டும் பங்களாவிலேயே தொங்கும். ஆகவே வீட்டுக்கும் வாசலுக்கும் உறுதி கோரும் போராட்டமும் இந்த விளக்குக்கான போராட்டமும் ஒன்றே. யந்திரம் லயத்து மக்களின் கூட்டுறவுக்குச் சொந்தமாதல் வேண்டும். நகரசபையும் ஹோட்டல்களும் கழிவைப் பிரித்து, தம் செலவில் கொண்டு வந்து சேர்த்தல் வேண்டும். தொட்டியில் வேலை செய்பவனுக்குக் கையுறையும் நியாயமான கூலியும், அவை இரண்டிலும் மேலாக மதிப்பும் கிடைத்தல் வேண்டும். எரு லயத்துத் தோட்டங்களுக்குச் செல்ல வேண்டும்; 2021இல் இரசாயன உரம் திடீரெனத் தடைசெய்யப்பட்டபொழுது எருவின் அருமையை நாடு முழுவதும் உணர்ந்ததே.

மலையகத்தின் நீர் எடுக்கப்பட்டது, நிலம் எடுக்கப்பட்டது, உழைப்பு எடுக்கப்பட்டது. எவரும் விரும்பாமல் எஞ்சியிருப்பது குப்பை ஒன்றே. அதிலும் விலை உண்டு என்று தெரிந்த நாளில் அதற்கும் சொந்தக்காரர்கள் தோன்றுவார்கள். அந்த நாளுக்கு முன்பே, நம் பாடசாலைகளில் ஒரு தொட்டியையும் ஒரு சிறிய எஞ்சினையும் வைத்து, பிள்ளைகள் தம் கைகளால் அதை இயக்கக் கற்றுக்கொள்ளட்டும். அவர்களுள் ஒருவன் லயத்துக்குத் திரும்பிச் சென்று, எவரிடமும் கடிதம் கேளாமல் ஒரு விளக்கை ஏற்றுவானாயின், மலையகத்துக்கு மின்சாரம் எப்பொழுது வந்தது என்ற கேள்விக்கு அன்று ஒரே விடைதான் இருக்கும்.